நாற்பது விரிப்பும் ஐந்து குட்டியும்

பாய்லர் அக்காவுக்குக் கோபம் வராத ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை என்று சலவை நிலையத்தில் சொல்வார்கள். அன்றைக்கு அவள் வேலைக்கு வருவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பஸ் ஓட்டுகிற அவள் கணவரைக் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் சொல்லியிருப்பார். ஆனால் அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுகிற ஆளில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துவிட்டவர்.

அக்கா இருபத்திரண்டு வருடமாக அங்கே துவைக்கும் பகுதிக்குப் பொறுப்பு. ஏழெட்டுத் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் காலையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிரித்துப் போடும்போதே எது என்ன கறை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். காபிக்கு ஒரு தண்ணீர், மைக்கு ஒரு மருந்து. ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர்தான். தெரியாத்தனமாக வெந்நீரில் போட்டால் அந்தக் கறை விரிப்பு கிழிகிற வரைக்கும் கூடவே இருக்கும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் ஒரே ஒரு முறை சொல்வாள். இரண்டாவது முறை சொல்ல வேண்டி வந்தால், "கண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா" என்று ஆரம்பிப்பாள். அது வாசலில் நிற்கும் வண்டி டிரைவர் வரைக்கும் கேட்கும்.

திட்டுவாளே தவிர யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டாள், அதையும் சொல்லியாக வேண்டும். துணி மடிக்கிறவளுக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது, "சாகணும்னா வீட்டுல போய் சாவு, என் துணி மேல இருமாதே" என்று அவளை விரட்டிவிட்டு, அவள் பங்கு முந்நூறு உறையையும் தானே நின்று மடித்தாள். அக்காவுக்குப் பாசம் வருகிற வழி அது ஒன்றுதான். வேறு வழியும் இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. யார் போய்ச் சொல்வது?

அவளிடம் இத்தனை திட்டும் வாங்கி அசராத ஒரே ஜீவன் ஒரு நாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து பின்வாசலில் படுத்தது. செங்கல் நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். மற்றவர்கள் வேலை செய்வதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே கிடந்ததால் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார்கள். மேனேஜருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அக்கா தினமும் மதியம் தன் சாப்பாட்டில் பாதியை அதற்கு வைத்து, "தின்னு, தின்னுட்டுத் தூங்கு, ஒண்ணாந்தேதி வந்து சம்பளமும் வாங்கிக்கோ" என்பாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டே தின்னும். சாயங்காலம் அவள் கிளம்பினால் தெருமுனை வரைக்கும் கூடப் போய் விட்டுவிட்டு வரும். வேறு யாருக்காகவும் அது எழுந்து நின்றதுகூட இல்லை.

அது வயிற்றைச் சுமந்துகொண்டு நடக்கத் தொடங்கியதும் அக்கா அதற்கும் ஒரு பாட்டம் திட்டினாள். திட்டிவிட்டு, பின்வாசலில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைச் சாய்த்து வைத்து உள்ளே பழைய சாக்கை விரித்தாள். நாய் வந்து பெட்டியை மோந்து பார்த்தது, போய்விட்டது. அதற்கு வேறு யோசனை இருந்திருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா மடிக்கும் அறைக்குள் நுழைந்தாள். அங்கே சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஊரிலேயே பெரிய விடுதியின் நாற்பது விரிப்புகள், இஸ்திரி போட்டு மடித்து அடுக்கியவை, பகல் பன்னிரண்டு மணி வண்டிக்காகக் காத்திருந்தன. அந்த நாற்பதையும் கலைத்து நடுவில் குழி பறித்து நாய் படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் எலிக்குஞ்சு மாதிரி ஐந்து குட்டிகள் நெளிந்தன. ஆனால் முதலில் அவள் கண்ணில் பட்டது குட்டிகள் இல்லை. வெள்ளைத் துணியில் ரத்தம்தான்.

அவளைப் பார்த்ததும் நாய் படுத்தபடியே வாலை ஆட்டியது. அக்கா போட்ட சத்தத்தில் மேல்மாடி ஆபீஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இயந்திரத்துக்குள் துணி தள்ளுகிற மரக்கம்பு கையில் அகப்பட்டது. அதை எடுத்துத் தள்ளுவண்டியின் இரும்புச் சட்டத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். நாயை அடிக்கவில்லை. இதை அவள் பிற்பாடு பல பேரிடம் பல தடவை சொன்னாள், உண்மையும் அதுதான். ஆனால் நாய்க்கு எதை அடித்தால் என்ன. மூன்றாவது அடியில் அது குதித்து, வாலை இடுக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டது. அக்கா குட்டிகளைக் கை நிறைய அள்ளித் தரையில் வைத்துவிட்டு விரிப்புகளை உருவத் தொடங்கினாள்.

மேனேஜர் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பார்த்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு இதுகளை ஒரு சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே எங்கேயாவது விட்டுவரச் சொல்லுங்கள் என்று, குப்பையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அதுவரைக்கும் நாயின் மேல் இருந்த கோபம் மொத்தமும் அந்த நொடியில் அவர் பக்கம் திரும்பியது. பிறந்து முழுசாக மூன்று மணி நேரம் ஆகாத உயிரைச் சாக்கில் கட்டச் சொல்கிற வாய்க்குக் காலையில் டீ எப்படி இறங்கியது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தையை வைத்துப் பேசினாள்.

"சார், பன்னெண்டு மணிக்குள்ள நாப்பதும் வெள்ளையா உங்க மேஜைக்கு வரும். ஒரு புள்ளி இருந்தா நீங்க சொன்னபடி செய்யுங்க. இல்லைன்னா, குட்டிங்க நல்லா நடக்கற வரைக்கும் இங்கதான் இருக்கும். நீங்க அப்புறம் அதைப் பத்திப் பேசக் கூடாது."

மேனேஜருக்கு விரிப்பு வேண்டும். சரி என்றார். போகிற போக்கில் ஷூ நுனியால் குட்டிகளைக் காட்டி, இதுகளும் எவ்வளவு அசிங்கமாக இருக்கின்றன பார் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் முள்ளாய்த் தைத்தது.

அப்புறம் அவள் வேலை செய்த வேகத்தைப் பார்த்து மடிப்புக்காரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசு, கறைக்கு மருந்து, அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் ஒரு சுற்று. இதற்கு நடுவில் குட்டிகள். அசிங்கமா, காட்டுகிறேன் அசிங்கத்தை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கழுவினாள். காய்ந்து ஒட்டியிருந்த ரத்தம், பிசுக்கு, எதையும் விடவில்லை. கடைசித் தண்ணீரில் வாசனை மருந்து இரண்டு மூடி விடுவது அவள் கைக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். விட்டாள். நல்ல துண்டில் துடைத்து, சலவைத் துண்டு விரித்த கூடையில் வரிசையாகப் படுக்க வைத்தபோது, விடுதி அறையில் விருந்தாளிக்குச் சுருட்டி வைக்கிற முகத்துண்டு மாதிரி ஐந்தும் பளிச்சென்று இருந்தன.

ஒன்பது மணி வாக்கில் நாய் பதுங்கிப் பதுங்கி உள்ளே வந்தது. நேராகத் தள்ளுவண்டிக்குப் போனது. முன்காலைத் தூக்கி வைத்து எட்டிப் பார்த்தது, வண்டி காலி. அறை முழுக்க மோந்துகொண்டே சுற்றியது. கூடையில் குட்டிகள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. நாய் அதன் பக்கத்தில் வந்து மூக்கை நீட்டியது; சட்டென்று பின்வாங்கித் தும்மியது; உறுமியது. அப்புறம் சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே அது குட்டி போட்ட விரிப்புகள் நுரையில் சுழன்றுகொண்டிருந்தன. துணி மேலே போனால் அதன் தலையும் மேலே போனது, கீழே வந்தால் கீழே வந்தது. நடுநடுவே கண்ணாடியைப் பிறாண்டியது.

"பெத்த பிள்ளைங்க அங்க கத்துது, இங்க உனக்கு சினிமா கேக்குதா?" என்று அக்கா இரைந்தாள். நாய் காதை மடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது; எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டது.

பதினொன்றே முக்காலுக்கு நாற்பது விரிப்பும் மேனேஜர் மேஜைக்குப் போயின. அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. அக்கா கூடையையும் கையோடு தூக்கிப் போயிருந்தாள். இப்போது பாருங்கள் அசிங்கத்தை என்று அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மேனேஜர் தோற்றதை மரியாதையாகவே ஒப்புக்கொண்டார், அவரைக் குறை சொல்லக் கூடாது. அக்கா படியிறங்கி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததாக மடிப்புக்காரி இன்றைக்கும் சாதிக்கிறாள்.

அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நாயை உள்ளே கொண்டுவந்து கூடைப் பக்கம் விட்டார்கள்; விலகி ஓடியது. குட்டிகளைக் கொண்டுபோய் அதன் வயிற்றில் வைத்தார்கள். பல்லைக் காட்டியது, எழுந்து இடம் மாறியது. காம்புகள் பால் கட்டிப் புடைத்திருந்தன, குட்டிகள் காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அக்கா ஆள் தேடத் தொடங்கினாள். பின்கதவை ராத்திரி பூட்டாமல் போன மடிப்புக்காரியால் வந்தது என்றாள். புகையிலைக் கையோடு குட்டியைத் தொட்டுக் கொஞ்சிய வண்டி டிரைவரால் வந்தது என்றாள். சாக்கு என்று வாயைத் திறந்த மேனேஜரின் ராசி என்றாள். கடைசியில் நாயிடமே வந்து நின்று, "பெத்தா மட்டும் தாயாயிடுவியா?" என்று கத்தினாள். நாய் முற்றத்து மூலையில் சுவரோடு சுவராக ஒடுங்கியது.

இரண்டு மணிக்கு ஒரு குட்டி கத்துவதை நிறுத்தியது. ஐந்தில் சின்னது, நெற்றியில் வெள்ளை உள்ளது. தொட்டால் ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பின்னாலேயே மடிப்புக்காரியும். கால்நடை ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. வழி நெடுக அக்கா அந்தப் பூட்டாத கதவைப் பற்றியே பேசிக்கொண்டு போனாள், மடிப்புக்காரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அக்காவுக்கு அதற்கும் ஒரு கோபம். டாக்டரம்மா வெள்ளை நெற்றிக் குட்டியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், மார்பில் காதை வைத்துக் கேட்டாள், மெதுவாகத் தனியே ஒரு துணியில் வைத்தாள். அது போய்விட்டது. அடுத்த குட்டியை எடுத்தவள் அதை முகத்தருகே கொண்டுபோய் நின்றாள்.

"குட்டிகளை யாராவது குளிப்பாட்டினீங்களா?"

மடிப்புக்காரி தரையைப் பார்த்தாள். வழியெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டவள், இப்போது ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை.

"நான்தான்," என்றாள் அக்கா.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை என்று மடிப்புக்காரி சொல்வாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம், பதிலுக்கு இரண்டு கேட்டிருக்கலாம். நாய் தன் குட்டியைக் கண்ணால் அறிவதை விட மூக்கால்தான் அறிகிறது, அந்த மணத்தைக் கழுவிவிட்டால் அதற்கு இவை யார் வீட்டுக் குட்டிகளோ என்று பொறுமையாகச் சொன்னாள். காலையில் அது இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எதைத் தேடியது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளின் வாசனை போன இடத்துக்குத்தான் அது போயிருக்கிறது. அதைச் சினிமா பார்க்கிறது என்றவள் இவள்.

டாக்டரம்மா செய்ய வேண்டியதையெல்லாம் சொன்னாள். முதலில் சூடு, உடம்பு சில்லிட்டிருக்கும்போது பால் கொடுக்கக் கூடாது. மாட்டுப்பால் ஆகாது, இதற்கென்று விற்கிற பொடிப் பாலைக் கரைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். குட்டியை மல்லாத்தாமல் வயிற்றின் மேல் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் ஒன்றுக்குப் போகும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது. எல்லாவற்றுக்கும் மேலே, தாயின் பாலையே பீய்ச்சி எடுத்துக் குட்டிகளின் மேல் பூச வேண்டும். வாசனை படாத, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தாயையும் குட்டிகளையும் சேர்த்து விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பிழைக்கும், புட்டிப்பாலை மட்டும் நம்பினால் சந்தேகம்தான்.

வாசனை படாத இடம். அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் இடம் தேடுவது அக்காவுக்கே சிரிப்பாகவும் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அவள் ஆயுசு முழுக்கச் செய்த வேலையே அதற்கு எதிர்வேலை. கடைசியில் உடைந்த வண்டிகளைப் போட்டு வைக்கும் பின்னறையைத் திறந்தாள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் மறுபக்கச் சுவர், அதனால் சூடு இருந்தது. துரு வாடையும் தூசி வாடையும்தான் அடித்தன. பெருக்கக்கூட வேண்டாம் என்று அவளே சொன்னாள். துவைக்காத பழைய சாக்கை விரித்தார்கள். இறந்த குட்டியைத் தன் மேலங்கியில் சுற்றி முற்றத்துச் செடி ஓரம் புதைத்துவிட்டு வந்து, நாயைப் பிடிக்கப் போனாள்.

நாய் அவளிடம் வரவில்லை. இரண்டு வருடமாக அவள் செருப்புச் சத்தத்துக்கு எழுந்து நின்ற நாய், அவள் நாலு எட்டு வைத்ததும் உடம்பெல்லாம் நடுங்கி உறுமியது. மடிப்புக்காரி போய்க் கழுத்தைத் தடவி அழைத்ததும் அவள் பின்னாலேயே வந்தது. வாசனைதான் காரணம் என்றால் மடிப்புக்காரியின் மேலும் அதே வாசனைதான் அடித்தது. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே துணி. இதை அக்கா நின்ற இடத்திலேயே யோசித்துப் பார்த்துவிட்டாள். வேறு சமாதானம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

பால் பீய்ச்சியது மடிப்புக்காரி. அவள் விரலில் எடுத்துப் பூசப் பூச, அக்கா கதவோரம் நின்று, தலையில் பூசு, முதுகில் பூசு, அவ்வளவு அழுத்தாதே என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அதட்டலுக்கும் நாய் எழுந்துகொண்டது. நாலாவது தடவை அது எழுந்தபோது மடிப்புக்காரி நிமிர்ந்து பார்த்தாள். விரலில் எடுத்த பாலைப் பூசி முடித்தாள். அப்புறம் சொன்னாள்.

"அக்கா, நீங்க வெளிய போனாதான் இது படுக்கும்."

அந்த நிலையத்தில் அக்காவை எந்த அறையிலிருந்தும் யாரும் வெளியே போகச் சொன்னதில்லை, மேனேஜர் உட்பட. அவள் முகம் சிவந்தது. வாய் திறந்தது. மூடியது. வெளியே வந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு குட்டிகள் கத்தின. அப்புறம் நக்குகிற சத்தம் கேட்டது, கரடுமுரடான நாக்கு ஈரமாக இழுபடுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் குட்டிகளின் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கிச் சப்புகிற சத்தம் வந்தது. அக்கா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மற்றவர்களைத் திட்டும்போது வருகிற சரளம் அதில் இல்லை.

அன்று இரவு அவள் வீட்டுக்குப் போகவில்லை. கணவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, மணிக்கு ஒரு தரம் உள்ளே போய் நாலும் சூடாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்து வந்து தலையை ஆட்டினார். நாய் முன்பின் பார்த்திராத அவரைக்கூட உள்ளே விட்டது.

ஒரு மாதம் ஆகிறது. நாலு குட்டியும் கண் திறந்து, தடுக்கி விழுந்து, ஒன்றின் காதை ஒன்று கடித்துக்கொண்டு திரிகின்றன. தாய்க்கு முட்டை வேகவைப்பதும், சூப்பு வைத்து ஆற்றுவதும், சாக்கு மாற்றுகிற நாளைக் கணக்கு வைப்பதும் அக்காதான். எல்லாவற்றையும் கதவு வரைக்கும் கொண்டுவந்து மடிப்புக்காரி கையில் கொடுப்பாள். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் உள்ளே உறுமல் கேட்கும். போன வாரம் மேனேஜர் வேடிக்கை பார்க்க வந்தார். சாக்கில் கட்டச் சொன்ன அதே மனிதர். நாய் அவர் ஷூவை மோந்து பார்த்து வாலை ஆட்டியது, ஒரு குட்டி அவர் காலில் ஏறி விளையாடியது. அவருக்கு ஒரே சந்தோஷம். அக்கா இதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் மடிப்புக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அறிவுகெட்ட நாய் இது, அக்கா. நீங்க இல்லைன்னா அன்னைக்கே எல்லாம் சாக்குல போயிருக்கும். அவர் யாரு, நீங்க யாருன்னு இதுக்குத் தெரியுதா பாருங்க."

"வாயை மூடு," என்றாள் அக்கா. "அதைத் திட்டாதே. அதுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைங்களைப் பறிச்சது யாருன்னு முதல் நிமிஷத்துலயே அதுக்குத் தெரியும். நான்தான் மத்தியானம் வரைக்கும் அந்த ஆளைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

முட்டைத் தட்டை அவள் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள். கதவைத் தானே சாத்திவிட்டு, இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாள்.